கரிநாள் கறி, முயல் வேட்டை, கிராம சபை: உங்கள் ஊரில் என்ன சேதி?

மேலூர்ச் சின்னவன்
16 ஜனவரி 2025, இரவு 9.40

ஓசூரிலிருந்து பஸ்ஸில் பாதி நேரம் நின்றும் பாதி நேரம் உட்கார்ந்தும் ஊர் வந்து சேர்ந்த அலுப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் இன்றைக்குச் சாப்பிட்டதை எழுதாமல் படுக்க மனசு வரவில்லை.

எங்கள் வீட்டில் பொங்கலுக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் கவிச்சி கிடையாது. பரங்கிக்காய், அவரை, மொச்சை, கிழங்கு என்று இரண்டு நாளும் காய்தான். மூன்றாம் நாள் கரிநாள். பஞ்சாங்கத்துக்கு அது ஆகாத நாள். எங்களுக்கு அன்றைக்குத்தான் நாக்கு விழிக்கும். பள்ளிக்கூடத்தில் பொங்கல் கட்டுரையில் 'கறிநாள்' என்று எழுதினேன். தமிழ் ஐயா சிவப்பு மையில் சுழித்தார். அடுத்த வருஷமும் அப்படியேதான் எழுதினேன்.

இந்த முறை எட்டு வீடு சேர்ந்து ஒரு வெள்ளாட்டுக் கிடாய் பிடித்தோம். கடையில் கிலோ 900 சொல்கிறார்கள், அதுவும் எலும்போடு. விடிகாலையில் வேப்பமரத்தடியில் உரித்தாகிவிட்டது. தராசு கிடையாது. எட்டு வாழை இலையை வரிசையாகப் போட்டு, முதல் சுற்றில் தொடைக்கறி, அடுத்த சுற்றில் நெஞ்செலும்பு, அப்புறம் ஈரல், குடல், கடைசியில் கொழுப்பு என்று வைத்துக்கொண்டே வருவார்கள். ஈரல் ஒரு விரல் அளவு கூடினால் போதும், பின்னாலிருந்து ஒரு குரல் வரும். "அண்ணே, அந்த நாலாவது கூறு கொஞ்சம் செழிப்பா இருக்கே." உடனே அதிலிருந்து ஒரு துண்டு பக்கத்து இலைக்குப் போகும். எல்லாருக்கும் திருப்தி வந்த பிறகு ஒரு சின்னப் பையனை முதுகைக் காட்டி நிற்க வைப்பார்கள். ஒரு கூறைத் தொட்டு, "இது யாருக்குடா?" அவன் வாயில் வருகிற பெயர்தான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது. தலையும் காலும் உரித்தவருக்கு.

எங்கள் கூறு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அம்மா பாதியைக் குழம்பு வைத்துவிட்டு, மீதியை உப்புக்கண்டம் போட உட்கார்ந்துவிட்டார். உங்கள் வீடுகளில் என்ன?

இன்னொன்று. தாத்தா காலத்தில் கரிநாளுக்கு முயல் வேட்டை போவார்கள். அதெல்லாம் எப்போதோ நின்றுபோனது என்று நினைத்திருந்தேன். நேற்று ராத்திரி நாலு பையன்கள் போயிருக்கிறார்கள். வில்லங்கமாகிவிட்டது. நாளைக்கு எழுதுகிறேன்.

கல்லல் அக்கா
16 ஜனவரி, இரவு 10.15

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள், தை மாசத்து வெயிலை நம்பக் கூடாது. பகலில் சுள்ளென்று காயும், ராத்திரி பனி இறங்கி எல்லாவற்றையும் நமநமக்க வைத்துவிடும். நாலு மணிக்கே உள்ளே எடுத்துவிட வேண்டும்.

நான் போடுகிற விதம் இது. எலும்பில்லாத கறியைக் கொழுப்பு நீக்கி விரல் நீளத்துக்கு நறுக்குவேன். மஞ்சள், கல் உப்பு, ஊறவைத்து அரைத்த மிளகாய் வற்றல், கொஞ்சம் பூண்டு. ஒரு ராத்திரி பிசறி வைத்து, மறுநாள் கோணி ஊசியால் நூலில் கோத்து மாடியில் கட்டுவேன். துண்டுக்குத் துண்டு இடைவெளி வேண்டும், ஒட்டிக்கொண்டால் அந்த இடம்தான் முதலில் கெடும். மேலே பழைய வேட்டி. காக்கையைச் சமாளித்துவிடலாம், பூனை வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. போன வருஷம் ஒரு சரத்தையே இழுத்துக்கொண்டு போனது. மூன்றாவது வீட்டு ஓட்டின் மேல் நூல் மட்டும் கிடந்தது.

ஐந்து நாள் காய்ந்தால் மரக்கட்டை மாதிரி சத்தம் வரும். அப்போது எடுத்துப் பானையில் போடலாம். எண்ணெயில் பொரித்து அம்மியில் ஒரு தட்டுத் தட்டினால் நார் நாராகப் பிரியும். பழைய சோற்றுக்கு அதற்கு மேல் ஒன்று வேண்டாம்.

எங்கள் வீட்டு ஆண்கள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்தார்கள். குழம்பை மூன்று முறை சுட வைத்தேன். அதனால் ருசி கூடிவிட்டது என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார்கள். கோபித்துக்கொள்ளக்கூட விடவில்லை.

நெல்லைக் கிழங்கு
16 ஜனவரி, இரவு 11.02

மேலூர் அண்ணாச்சி, பரங்கிக்காயையும் மொச்சையையும் 'காய்தான்' என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டீர்களே. எங்கள் ஊரில் பொங்கல் என்றாலே கிழங்குதான். சிறுகிழங்கு, சேனை, சேம்பு, பிடிகிழங்கு, போதாததற்குப் பனங்கிழங்கு. சிறுகிழங்கைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தோல் உரிக்கிற சத்தம் கேட்டால்தான் எனக்குப் பண்டிகை வந்த மாதிரி இருக்கும். அப்படியும் உரியாமல் மிஞ்சுகிற தோலைச் சுரண்டியே விரல் கறுத்துவிடும்.

முதல் நாள் வைத்த குழம்பையும் கூட்டையும் அவியலையும் ஒன்றாகக் கொட்டிச் சுண்டவைத்தால் வருமே ஒரு பழங்குழம்பு, அதற்கு முன்னால் உங்கள் கிடாய் நிற்காது. சரி, நிற்கும். ஆனால் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

மேலூர்ச் சின்னவன்
17 ஜனவரி, மதியம் 1.20

வேட்டைக் கதைக்கு வருகிறேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எதுவும் கேட்காதீர்கள்.

நாலு பேரும் இருபதை ஒட்டிய வயது. நெற்றியில் கட்டுகிற விளக்கு, இரண்டு நாய். பார்த்தால் சிப்பிப்பாறைக் கலப்பு மாதிரி வாரிக்கட்டிய வயிறு, நீளக் கால். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கரம்பில் இரண்டு மணி நேரம் அலைந்து ஒரே ஒரு முயல். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் நிற்கிற மாதிரி வீடியோ எடுத்து, ஒரு பாட்டையும் சேர்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம் இருக்கும் என்பார்கள். இவர்களுக்கு எட்டு மணி நேரமே போதுமானதாக இருந்தது. காலையில் டீக்கடையில் நான் நிற்கும்போதே வனத்துறை ஜீப் வந்து நின்றது.

விசாரணை, எழுத்து, கையெழுத்து எல்லாம் முடிந்து ஆளுக்கு ஒரு தொகை கட்டச் சொல்லிவிட்டார்கள். ஒரு பையனின் அம்மா தோட்டைக் கழற்றிக்கொண்டு அடகுக் கடைக்குப் போனார். நாயைக் கட்டிப்போட்டிருந்த இடத்தில் அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

டீக்கடைப் பெரியவர்கள் தொடங்கிவிட்டார்கள். "அந்தக் காலத்து வேட்டைக்கு ஒரு முறை இருந்துச்சு. வருஷத்துக்கு ஒரு நாள். சினை முயலை விட்டுருவோம். முதல் அடி அடிச்சவனுக்குத் தொடை, நாய் கொண்டு வந்தவனுக்கு நாய்ப் பங்கு." எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "முறையாவது ஒண்ணாவது. கெடச்சதை அடிச்சோம். ஓடுற ஓட்டத்துல அது சினையா இல்லையான்னு எவன் பார்த்தான்? பங்கு மட்டும் உண்மை. பங்குல கைவச்சா மண்டை உடைஞ்சுரும்."

பழைய கணக்கு
17 ஜனவரி, மாலை 4.45

உங்கள் பெரியப்பாவுக்கு என் வணக்கம். கிராம நிர்வாகத்தில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். 'அந்தக் காலத்து முறை' என்று யாராவது தொடங்கினால் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எழுதிக்கொள்வேன்.

முயல்தானே, அதற்கெல்லாம் வழக்கா என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திலேயே முயல் பட்டியலில் உண்டு. எலி, சுண்டெலி, காக்கை, பழம்தின்னி வௌவால் போன்ற சிலதான் அன்றைக்குத் தொல்லை உயிரினங்கள் என்று தனியாகப் போடப்பட்டவை. முயல், உடும்பு, கௌதாரி எதையும் தொடக் கூடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு அபராதத்தின் உச்சவரம்பு 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாகிவிட்டது. மூன்று வருஷம் வரை சிறைக்கும் இடம் உண்டு. தோட்டோடு போனது அந்தத் தாயின் புண்ணியம்.

எழுபதுகளின் கடைசியில் நானே நேரில் பார்த்த பாரிவேட்டை ஒன்று உண்டு. தப்பு அடித்துக்கொண்டு ஊரே கிளம்பும். ஒரு பக்கம் வலையைக் கட்டிவிட்டு மறுபக்கத்திலிருந்து புதரைத் தட்டிக்கொண்டு வருவார்கள். மதியத்துக்குள் முப்பது நாற்பது பேர் முள் கிழித்த காலோடு திரும்புவார்கள். கையில் எத்தனை முயல்? நாலு, ஐந்து. அதை நூறு வீட்டுக்குப் பங்கு போட வேண்டும். ஒரு வீட்டுக்கு இரண்டு துண்டு வந்தால் அதிசயம். ஆனால் அந்த இரண்டு துண்டு வரவில்லையென்றால் அந்த வீட்டை ஊர் ஒதுக்கிவிட்டது என்று அர்த்தம். அப்படி விட்டுப்போன ஒரு வீட்டுக்காக நான் இரண்டு நாள் பஞ்சாயத்துப் பேசியிருக்கிறேன். வராத கறியின் மதிப்பு அன்றைக்கு நாலணாகூடத் தேறாது.

சாமிகளும் வேட்டைக்குப் போகின்றன. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் மாட்டுப் பொங்கலன்று பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவார். மலை ஏறுகிறார், வழியெல்லாம் ஊர் ஊராக மண்டகப்படி, சனம் திரண்டு நிற்கிறது, திரும்பிவிடுகிறார். ஒரு முயலுக்கும் சேதமில்லை.

மலையடிவாரம்
17 ஜனவரி, இரவு 8.30

முயலுக்கு இவ்வளவு பேசுகிறீர்கள், பன்றியைப் பற்றி யாராவது வாயைத் திறங்கள். சிறுமலை அடிவாரத்தில் எனக்கு இரண்டு ஏக்கர். நிலக்கடலை போட்டால் நான் பறிப்பதற்கு முந்தின ராத்திரி அது பறித்துவிடுகிறது. எப்படித்தான் நாள் பார்க்கிறதோ தெரியவில்லை. பழைய சேலையை வேலியாகக் கட்டினேன், ஒரு வாரம் மிரண்டது. எட்டாம் நாள் அந்தச் சேலையை மிதித்துக்கொண்டே வந்தது.

இந்த மாசம் அரசு உத்தரவு வந்திருக்கிறது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றியைக் கொல்லக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் வனத்துறை ஆட்கள் சுடலாம். என் நிலம் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிறது. அதாவது பன்றியைப் பிடித்து, மரியாதையாக வழியனுப்பி வைப்பார்கள். அது மறுநாள் ராத்திரி நடந்தே வந்துவிடும்.

ஊர் அளவில் குழு ஒன்று உண்டாம், வனக்காப்பாளர், விஏஓ, ஊராட்சித் தலைவர். தலைவருக்கு நான் எங்கே போவேன்? ஜனவரி 5ஆம் தேதியோடு எங்கள் மாவட்டத்தில் எல்லாத் தலைவர்களுடைய பதவியும் முடிந்துவிட்டதே.

நெல்லைக் கிழங்கு
17 ஜனவரி, இரவு 8.52

பொங்கல் பரிசில் இந்த வருஷம் ஆயிரம் ரூபாயும் இல்லை, உங்கள் ஊரில் தலைவரும் இல்லை. பச்சரிசி ஒரு கிலோ, சர்க்கரை ஒரு கிலோ, முழுக் கரும்பு ஒன்று. கரும்பை வைத்துப் பன்றியை அடிக்கச் சொல்கிறார்களோ என்னவோ.

மலையடிவாரம்
17 ஜனவரி, இரவு 9.10

கரும்பைக் கொண்டுபோய் வேலியில் சாத்தி வைத்திருந்தேன் தம்பி. அதையும் தின்றுவிட்டது.

கொக்கு நோக்கி
18 ஜனவரி, காலை 7.15

திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர், வேலூர்ப் பக்கத்து ஊர் அல்ல.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் எங்களுக்கு எட்டும் தூரம். 1977இல் அறிவித்தார்கள், மூன்று கண்மாய்களைச் சேர்த்தது. கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருஷா வருஷம் பத்திரிகையில் வரும். படிக்கிறவர்கள் ஆகா என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். நான் அங்கே போய் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். ஒரு பாட்டி சொன்னது: "எங்க பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கிறப்ப வீட்டு வாசல்ல வெடி போடுவியா?" நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் அங்கே கூடு கட்டக் காரணம் அந்த ஊர்க்காரர்கள்தான், அறிவிப்புப் பலகை அல்ல. தீபாவளிக்கு வனத்துறை வீட்டுக்கு வீடு இனிப்புக் கொடுக்கிறது. அதுவும் ஒரு கூறுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மேலூர்ச் சின்னவனுக்கு ஒன்று. உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியில் லகுடு வல்லூறு இருக்கிறது. வானத்திலிருந்து விழுந்து பிடிக்கிற வேட்டைக்காரன். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அந்தப் பறவைக்கும் அதில் பங்கு உண்டு. பையன்களுக்கு ஓடுவதும் துரத்துவதும்தான் வேண்டுமென்றால் ஒரு நாள் அந்தப் பாறை மேல் உட்கார்த்தி வையுங்கள்.

மேலூர்ச் சின்னவன்
18 ஜனவரி, காலை 9.00

ஐயா, அந்தப் பாறையே இருக்குமா என்றுதான் இரண்டு மாசமாக ஊரே தூங்கவில்லை. நவம்பரில் எங்கள் பக்கத்தில் டங்ஸ்டன் உலோகச் சுரங்கம் தோண்ட மத்திய அரசு விட்ட ஏலச் செய்தி வந்ததிலிருந்து எங்கள் பக்கம் வேறு பேச்சே இல்லை. நவம்பர் 23 கிராம சபையில் வரிசையாக ஊராட்சிகள் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டன. இந்த மாசம் 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் நடைபயணம். எங்கள் சித்தி முட்டு வலிக்காரர், மாடிப்படி ஏற மாட்டார். அன்றைக்கு நடந்தார். பொங்கல் கோலத்தில்கூட டங்ஸ்டன் வேண்டாம் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

குளத்தடி
18 ஜனவரி, இரவு 7.40

இலங்கை வன்னியிலிருந்து வந்து ரொறன்ரோவில் இருக்கிறேன். உங்களுடைய கதை வாசிக்க எனக்கு எங்கட ஊர்க் குளக்கட்டு நினைவு வந்திட்டுது. அங்கேயும் மான், மரை, பன்றி எண்டு கதைகள் நிறைய. எல்லாம் சட்டத்துக்கு வெளியிலேதான். அப்பா கொண்டு வந்தால் அம்மா கதவைச் சாத்திப்போட்டுத்தான் சமைப்பார். வாசம் வெளியிலே போகக் கூடாது எண்டு.

இங்கே ஒன்ராறியோவில் நான் உரிமம் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறேன். முதலில் வகுப்பு, சோதனை, பிறகு அட்டை, பிறகு மானுக்கெண்டு தனி அனுமதி. துவக்கால் சுடுகிற காலத்தில் செம்மஞ்சள் தொப்பியும் சட்டையும் கட்டாயம். காட்டுக்குள்ளே நடக்கிற தேர்தல் ஊர்வலம் போல இருக்கும். சுட்ட இறைச்சியை விற்கவும் ஏலாது. வீட்டுக்குக் கொண்டு வரலாம், கொடுக்கலாம், அவ்வளவுதான். நான் நாலு வீட்டுக்குப் பிரிச்சுக் கொடுக்கிறனான். மனிசி எங்கட கறித்தூள் போட்டு, தேங்காய்ப்பால் விடாமல், பிரட்டலாகச் செய்வார். மான் இறைச்சியில் கொழுப்பில்லை, ஆட்டிறைச்சி போல நினைச்சு வேக விட்டால் கயிறுதான்.

மகனுக்குப் பதினேழு வயது. ஒருக்கால் கூட்டிக்கொண்டு போனேன். விடிய முன்னம் ஐந்து மணித்தியாலம் குளிருக்குள்ளே இருந்தோம். ஒண்டும் வரேல்லை. திரும்பி வரேக்குள்ளே, "அப்பா, இதைவிட ஊரிலே கதவைச் சாத்திச் சமைச்சது நல்லா இருந்திருக்கும் போல" எண்டான்.

கல்லல் அக்கா
18 ஜனவரி, இரவு 9.25

இரண்டு நாளாக எல்லாரும் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். துரத்தினது, அடித்தது, பங்கு போட்டது எல்லாம் வந்துவிட்டது. உரித்தது யார், கழுவினது யார்? அந்தக் குளத்தடித் தம்பியின் அம்மா ஒருவர்தான் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் எட்டிப் பார்த்தார்.

எனக்குக் கல்யாணமான முதல் பொங்கல். 1989. ஆறு மாச வயிறு. மத்தியானம் இரண்டு மணிக்கு மாமனாரும் கொழுந்தன்மாரும் மூன்று முயலைக் கொண்டு வந்து திண்ணையில் போட்டார்கள். போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்கள். மாமியாரும் நானும்தான். வைக்கோலைக் கொளுத்தி முடியை வாட்ட வேண்டும். அந்த வாடை இருக்கிறதே, இன்றைக்கு நினைத்தாலும் அடிவயிறு புரளும். வாட்டினதை மஞ்சள் தடவித் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வேண்டும். சின்னச் சின்ன எலும்பு, நறுக்கினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். குளிக்கப் போனவர்கள் மூன்றரைக்கு வந்து, "இன்னும் ஆகலையா?" என்றார்கள்.

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. மிளகு, சீரகம், மல்லி, பத்து மிளகாய் வற்றல், ஒரு கை சின்ன வெங்காயம், எல்லாவற்றையும் வறுத்து அம்மியில் வெண்ணெய் மாதிரி அரைத்தார். மண்சட்டி, நல்லெண்ணெய். முயல் கறியில் கொழுப்பே கிடையாது, அதனால் எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது, தண்ணீரில்தான் கஞ்சத்தனம் வேண்டும். வெந்ததும் இறக்கி, பங்குக்குப் போக வேண்டிய பங்கெல்லாம் போய், ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு சட்டியில் மசால்தான் இருந்தது. அத்தை அதில் சூடான சோற்றைப் போட்டுப் பிரட்டி, முதல் உருண்டையை எனக்குக் கொடுத்தார். அது ருசியாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனால் வேட்டை நின்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்தப் பையன்கள் ஒரு முயலாவது தங்கள் கையால் வாட்டிக் கழுவியிருந்தால் வீடியோ எடுத்திருக்க மாட்டார்கள், வாந்தி எடுத்திருப்பார்கள்.

பழைய கணக்கு
18 ஜனவரி, இரவு 9.50

அம்மா, இந்த இழையில் இதுதான் உண்மையான கணக்கு. என் வீட்டிலும் நான் குளிக்கப் போனவன்தான்.

நெல்லைக் கிழங்கு
19 ஜனவரி, காலை 10.30

முயல் கறி சாப்பிட ஆசை என்றால் பண்ணை முயல் இருக்கிறது. கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் முயலும் வளர்க்கிறார்கள், பார்த்திருக்கிறேன். வெள்ளை வெளேரென்று, சிவப்புக் கண். ஒரு பண்ணையில் வாங்கிச் சமைத்தோம். கோழிக்கறி தன் பெயரை மறந்துவிட்ட மாதிரி இருந்தது. அக்கா சொன்ன மசாலாவில் செய்திருந்தால் தேறியிருக்குமோ?

கல்லல் அக்கா
19 ஜனவரி, காலை 11.05

அந்த மசாலாவில் சிறுகிழங்கைப் போட்டாலும் தேறும், கவலைப்படாதீர்கள்.

மேலூர்ச் சின்னவன்
27 ஜனவரி, இரவு 10.20

மறுபடியும் ஓசூர். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பிக் கிராம சபைக்காகவே ஊருக்குப் போய்விட்டு வந்தேன். மேலாளர் காரணம் கேட்டார். குடியரசு தினம் என்றேன். பொய்யில்லை.

23ஆம் தேதி மத்திய அரசு டங்ஸ்டன் ஏலத்தை ரத்து செய்துவிட்டதால் ஊரே வேறு மாதிரி இருந்தது. இரண்டு நாளாக வெடித்த வெடியில் தெருவெல்லாம் சிவப்புக் காகிதம். கொக்கு நோக்கி ஐயா மன்னிக்க வேண்டும், வல்லூறுக்காகவும் சேர்த்துத்தான் போட்டார்கள்.

தலைவர் இல்லாத கிராம சபையை முதல் முறை பார்க்கிறேன். தனி அலுவலர் என்பவர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஒன்றியத்தில் எத்தனை ஊராட்சி உண்டோ அத்தனைக்கும் அவரே. அதனால் எங்களுக்குச் செயலர்தான் வரவு செலவு வாசித்தார். மூவாயிரம் பேருக்குள் இருக்கிற ஊர் என்பதால் நூறு பேர் கையெழுத்து வேண்டும். வழக்கமாக எழுபதிலேயே திணறி, வீடு வீடாக நோட்டு போகும். இந்த முறை பத்தரைக்கே நூற்றைத் தாண்டிவிட்டது. நவம்பரில் பழகிய கால், தானாக வந்துவிட்டது என்று சித்தி சொன்னார்.

தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி எல்லாம் ஆன பிறகு, தோடு அடகு வைத்த அந்த அம்மா எழுந்தார். கையில் காகிதம் எதுவும் இல்லை. "கண்மாய் மீனை ஏலம் விடுறீங்க. யாரோ வெளியூர்க்காரர் வந்து அள்ளிட்டுப் போறாரு. எங்க பயலுக ஓடுறதுக்கும் பிடிக்கிறதுக்கும் இந்த ஊர்ல என்ன இருக்கு? முன்ன மாதிரி ஊரே இறங்கி மீன் பிடிக்கிற மாதிரி விடுங்க" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஏலப் பணம் போனால் கோயில் செலவுக்கு எங்கே போவது என்று ஒருவர். ஏலப் பணம் எந்தக் கோயிலுக்குப் போனது, கணக்கைக் காட்டு என்று இன்னொருவர். அந்த நாலு பையன்களும் பின்னால் சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

செயலர் ஒரு வழியாக, 'மீன்பிடித் திருவிழா நடத்த உரிய துறைக்குப் பரிந்துரைப்பது' என்று எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லி அந்த அம்மா உட்காராமலேயே நின்றார். வாசித்த பிறகுதான் உட்கார்ந்தார்.

இதை எப்படி நகர்த்துவது? பழைய கணக்கு ஐயா சொல்ல வேண்டும்.

பழைய கணக்கு
28 ஜனவரி, காலை 6.30

முதலில் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேல் இருந்தால் பொதுப்பணித்துறைக் கண்மாய், இப்போது நீர்வளத்துறை. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. இது தெரியாமல் மனு கொடுத்தால் இரண்டு அலுவலகமும் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டே இருக்கும், அதற்குள் கண்மாய் வற்றிவிடும். இந்த வருஷக் குத்தகை எப்போது முடிகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். தீர்மான நகலையும் இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கப்படி அடுத்த சபை மார்ச் 22. அதுவரை காத்திருந்தால் நோட்டில் எழுதியது என்ன, நீங்கள் கேட்டது என்ன என்று புதிதாகத் தொடங்க வேண்டும்.

கொக்கு நோக்கி
28 ஜனவரி, காலை 7.50

எங்கள் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் நடக்கும். சுற்றுப்பட்டு ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். விடிகாலையிலேயே கரையில் ஆயிரம் பேர் நிற்பார்கள், ஒருவரும் காலை நனைக்க மாட்டார்கள். பெரியவர் ஒருவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், கண்மாயே கலங்கிவிடும். ஊத்தா என்கிற மூங்கில் கூடை, கச்சா, வலை, சேலை, வெறுங்கை. விரால் வழுக்கும், கெளுத்தி குத்தும், ஜிலேபி யார் கைக்கும் கிடைக்கும். அன்றைக்குப் பிடித்த மீனை விற்பதில்லை என்பது எங்கள் ஊர் வழக்கம். ஒரே ஒரு வேண்டுகோள், கூடு கட்டிய மரம் இருக்கிற கண்மாயை விட்டுவிடுங்கள்.

மலையடிவாரம்
28 ஜனவரி, காலை 8.15

அந்த அம்மாவை எங்கள் ஊர்ப் பன்றிக் குழுவுக்குத் தலைவராக அனுப்பி வைக்க முடியுமா?

மேலூர்ச் சின்னவன்
28 ஜனவரி, இரவு 9.30

நகல் கேட்டுத் தம்பியை அனுப்பியிருக்கிறேன். "நாளைக்கு வா" என்றார்களாம். நாளைக்கும் போவான். கண்மாய் ஒன்றியத்தினுடையது என்பது மட்டும் உறுதியாகிவிட்டது.

அந்தப் பையன்களில் ஒருவன் ராத்திரி கூப்பிட்டு, "அண்ணே, ஊத்தா எங்க கிடைக்கும்?" என்றான். இன்னும் மூன்று மாசம் இருக்கிறதே என்றேன். பின்னிப் பழக வேண்டாமா என்கிறான்.

கல்லல் அக்கா
28 ஜனவரி, இரவு 9.48

வாங்கினால் உயரம் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், குட்டையாக இருந்தால் குனிந்து குனிந்தே இடுப்புப் போய்விடும். வாய்ப்பக்கம் கை முழங்கை வரை தாராளமாக நுழைய வேண்டும். மீன் பிடிக்கிறவர்களே செதிலும் எடுக்க வேண்டும் என்று அடுத்த சபையில் ஒரு தீர்மானம் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உப்புக்கண்டம் என்ன ஆனது?

மேலூர்ச் சின்னவன்
28 ஜனவரி, இரவு 10.05

கல் மாதிரி காய்ந்துவிட்டது அக்கா. அம்மா ஒரு டப்பா கொடுத்துவிட்டார். அறையில் மூன்று பேர். இன்றைக்குப் பொரித்ததுபோக மீதி பதினாலு துண்டு. ஆளுக்கு நாலு வைத்த பிறகு இரண்டு நிற்கிறது. முதுகைக் காட்டி நிற்க வைக்கச் சின்னப் பையன் யாரும் இங்கே இல்லை.